முதலில் காது, பிறகு கொப்பி

(கிளிநொச்சியில் நிகழ்த்தப்பட்ட நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கனமான விடயம் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். நான் எடுத்துவந்தது மிகச் சிறியது. வன்னியில் தரம் ஒன்று தொடக்கம் மூன்று வரை படிக்கிற ஒரு பிள்ளை 'ரின்' என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தானாக எப்படி வாசிக்கத் தொடங்குகிறது? எங்கள் மாவட்டங்களின் ஆங்கிலப் பிரச்சினையில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். மீதிக் கால்வாசி ஆளணி, இடமாற்றம், பணம். அவற்றைப் பேச வேறு மேடைகள் நிறைய இருக்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஆங்கில எழுத்தை அவசரப்பட்டுக் கொடுக்கிறோம். ஆங்கில ஒலியைத் தாமதித்துக் கொடுக்கிறோம், பல வகுப்புகளில் கொடுப்பதே இல்லை. அந்த ஒலிக்குப் போகிற வழி பிள்ளையின் தமிழ் வாசிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே தரம் ஒன்றில் தமிழைத் திருத்தமாகப் படிப்பிக்கிற ஆசிரியர்தான் அந்தப் பிள்ளையின் முதலாவது ஆங்கில ஆசிரியர்.

ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் கொப்பி பார்ப்பது என் வேலையின் பெரும்பகுதி. எங்கள் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகள் அழகானவை. நாலு கோட்டுக்குள் எழுத்து முத்து முத்தாக நிற்கும். திகதி, தலைப்பு, அடியில் சிவப்புக் கோடு, பக்கத்தில் ரீச்சரின் 'குட்'. அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லில் விரலை வைத்து "இதை வாசியுங்கோ பாப்பம்" என்றால் பிள்ளை மேலே ஒட்டியிருக்கிற படத்தைப் பார்க்கும். வீட்டுப் படம் என்றால் 'ஹவுஸ்' என்று சொல்லும். என் விரல் இருந்தது 'மை' என்ற சொல்லில். படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேட்டால் வாய் திறக்காது. கரும்பலகையில் இருந்ததை அந்தப் பிள்ளை சித்திரம்போலப் பார்த்துக் கீறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளையை இதற்குக் குறை சொல்ல முடியாது. ஆங்கில எழுத்துமுறை லேசுப்பட்டதல்ல. 2003ஆம் ஆண்டு பிலிப் சீமோர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 13 ஐரோப்பிய மொழிகளில் தொடக்க வாசிப்பை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதலாம் வகுப்பு முடிகிற நேரத்தில், பெரும்பாலான மொழிகளில் பிள்ளைகள் பழகிய சொற்களில் 90 வீதத்துக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஸ்கொட்லாந்தில் ஆங்கிலம் வாசித்த பிள்ளைகள் சரியாக வாசித்தது 34 வீதம். அவர்கள் ஆங்கிலம் பேசுகிற வீட்டில் பிறந்த பிள்ளைகள். தாய்மொழிக்காரருக்கே இரண்டு மூன்று வருடம் எடுக்கிற வேலையை, வாரத்தில் சில பாடவேளைகளில் தரம் மூன்றுப் பிள்ளை முடித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முடிக்காவிட்டால் பிள்ளை 'மெல்லக் கற்போர்' பட்டியலில் ஏறிவிடுகிறது.

எங்கள் பாடத்திட்டத்தை வகுத்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் தரம் ஒன்றிலும் இரண்டிலும் ஆங்கிலத்தைப் பேச்சாக மட்டும், விளையாட்டோடும் செயற்பாட்டோடும் கொடுக்கச் சொன்னது. எழுத்தும் பாடப்புத்தகமும் தரம் மூன்றில்தான் முறையாகத் தொடங்கும். நல்ல ஏற்பாடு. முதல் இரண்டு வருடமும் காதுக்கு. அந்தப் பொறுப்பை வகுப்பாசிரியரிடம், அதாவது ஆரம்பக்கல்வி ஆசிரியரிடம், கொடுத்தார்கள். அங்கேதான் சிக்கல். "எனக்கு இங்கிலீசு வராது சேர்" என்று அந்த ஆசிரியர் சொல்வார். சொல்லிவிட்டு அந்த நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுப்பார், அல்லது ஏ பீ சீ டீ பாட்டை ஒருமுறை பாடவைத்து முடித்துவிடுவார். தரம் மூன்றில் ஆங்கில ஆசிரியர் வந்து புத்தகத்தைத் திறக்கும்போது பிள்ளையின் காது வெறுமையாக இருக்கும். அவர் கரும்பலகையில் எழுதுவார், பிள்ளை கொப்பியில் கீறும்.

ஏ பீ சீ டீ பாட்டில் என்ன பிழை என்று கேட்பீர்கள். பாட்டில் பிழையில்லை. அதிலிருந்து வாசிப்புக்குப் போகிற வழிதான் இல்லை. 'சீ - ஏ - ரீ' என்று ஆயிரம் முறை சொன்னாலும் அந்த மூன்று பெயர்களையும் சேர்த்தால் 'சீயேரீ' வரும். 'கற்' என்ற பூனை வராது. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. 'ப' என்று காட்டுகிறோம், 'ப' என்று வாசிக்கிறது. 'ப', 'ட', 'ம்' சேர்ந்தால் 'படம்'. இந்த ஒழுங்குக்குப் பழகிய பிள்ளைக்கு, ஆங்கில எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

எங்கள் பிள்ளையிடம் லண்டன் பிள்ளையிடம் இல்லாத ஒரு முதல் இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்து. உயிர் கலக்காத தனி மெய் என்ற எண்ணமே இங்கிலாந்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளங்குவது கடினம். ஒலியை வைத்து வாசிப்புப் படிப்பிக்கிற அங்குள்ள ஆசிரியர்கள் 'பஹ்', 'கஹ்' என்று உயிரை ஒட்டிச் சொல்லாதீர்கள் என்று ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பிள்ளை தரம் ஒன்றிலேயே 'க' வேறு, 'க்' வேறு என்று கண்ணால் காண்கிறது. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. அந்தப் புள்ளியை ஆங்கில வகுப்புக்குள் கொண்டுபோகத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு சின்னத் தடை உண்டு. க், ங், ச் என்பவற்றை நாங்கள் 'இக்', 'இங்', 'இச்' என்றுதான் சொல்லிப் பழக்குகிறோம். முன்னால் ஓர் இகரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே 'க் - அ - ற்' என்று மெய்யில் தொடங்கினால் பிள்ளை இடறும். நான் பார்த்த கெட்டிக்கார ஆசிரியர்கள் சிலர் மறுபக்கத்திலிருந்து தொடங்கினார்கள். உயிரில் தொடங்கி மெய்யில் முடிகிற இரண்டெழுத்துச் சொற்கள் முதலில்: இன், இற், இஸ், அற். 'இக்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இவை புதிதல்ல. அவை நாக்கில் நின்றபிறகு முன்னால் ஒரு மெய்யை ஒட்டுவது. இன், பின், ரின். இற், சிற், பிற். இரண்டாவது கிழமையில் பிள்ளை தானாக ஒட்டத் தொடங்கிவிடும். அர்த்தமில்லாத சொல்லையும் உண்டாக்கிச் சிரிக்கும். சிரிக்க விடுங்கள். வாசிப்பின் இயக்கம் பிடிபட்டதற்கு அதுதான் அடையாளம்.

எந்த எழுத்துகளை முதலில் கொடுப்பது? அகரவரிசைப்படி போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் ஒலிவழி வாசிப்புத் திட்டங்கள் பல எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளில் தொடங்குகின்றன, ஏனென்றால் இந்த ஆறிலும் நிறையச் சொற்கள் பிறக்கும். எங்களுக்கும் அது பொருந்துகிறது. பின் எல்லா வீட்டிலும் உண்டு. ரப் பாடசாலைத் தண்ணீர்த் தாங்கியில் உண்டு. ரின்மீன் கடையிலும் உண்டு, நிவாரணப் பையிலும் இருந்தது. 'ஏ ஃபோர் அப்பிள்' என்று தொடங்கினால், திருவிழாக் காலத்தில் மட்டும் கண்ணில் படுகிற ஒரு பழத்தோடு ஆங்கிலம் தொடங்குகிறது.

ஒலி வேறுபாடுகளுக்கு வருவோம். 'பிக்' என்ற பன்றியும் 'பிக்' என்ற பெரியதும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். ஒலி இரண்டு என்பதை எங்கள் பிள்ளையின் காது கேட்காது என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படியல்ல. 'பம்பரம்' என்று சொல்லவிடுங்கள். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்ல வேண்டும். முதலாவது 'ப'வில் உதடு மூடியிருக்கும்போது தொண்டை அதிராது. ம்முக்குப் பின்னால் வருகிற 'ப'வில் அப்போதும் அதிரும். கங்கையிலும் அப்படித்தான்: முதல் ககரம் ஒன்று, இரண்டாவது வேறொன்று. அந்த இரண்டு ஒலிகளையும் பிள்ளை பேசத் தொடங்கிய நாளிலிருந்து பேசிவருகிறது. தமிழ் ஒரே எழுத்தில் இரண்டையும் எழுதுகிறது, ஆங்கிலம் இரண்டு எழுத்தில் எழுதுகிறது என்று அதன் விரலுக்குக் காட்டிவிட்டால் போதும்.

வன்னிக்கே உரிய இன்னொரு விடயம். இங்கே ஒரே வாங்கில் பரந்தன் பக்கத்துப் பிள்ளையும், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று 'ரீச்சர்' என்னும், மற்றது 'டீச்சர்' என்னும். 'வெற்றி' என்று சொல்லும்போது எங்கள் யாழ்ப்பாண, வன்னி நாக்கு படுகிற இடம் ஆங்கிலத்தின் ரீக்கு மிக அண்மையானது. மலையகப் பேச்சில் நாக்கு இன்னும் உள்ளே வளையும். இரண்டாவது பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிப்பதை நான் கண்டிருக்கிறேன். ரீச்சரும் சேர்ந்து சிரித்தால் அந்தப் பிள்ளை ஆங்கில நேரத்தில் பிறகு வாய் திறக்காது. 'டீ' என்று சொல்பவர்கள் சென்னையிலும் டில்லியிலும் ஆங்கிலம் படித்துப் பெரிய வேலைகள் செய்கிறார்கள். ஏழு வயதில் திருத்த வேண்டியது இதையல்ல.

கவனிக்க வேண்டியது சொல்லின் வால். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். 'புக்கு', 'கப்பு' என்று பிள்ளை சொல்வது அதனால்தான். சொல்கிறபடியே எழுதும்போது கடைசியில் ஒரு யூவும் போடும். இதைக் கண்டு சிவப்புப் பேனையை எடுக்காமல் கவனித்துப் பாருங்கள். கேட்டதை எழுதியிருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் சாள்ஸ் றீட் என்ற அமெரிக்க மொழியியலாளர், பாடசாலை போகாத சிறு பிள்ளைகள் தாங்களாகவே உண்டாக்கிய எழுத்துக்கூட்டலை ஆராய்ந்து, அந்தப் பிழைகளில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டினார். 'கவ்' என்ற மாட்டைக் 'கே - ஏ - யூ' என்று எழுதுகிற எங்கள் பிள்ளையின் பிழை, கரும்பலகையைப் பார்த்துச் 'சீ - ஓ - டபிள்யூ' என்று எழுதிய பிள்ளையின் சரியைவிட மேலானது. முன்னது எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. சரியான எழுத்துக்கூட்டல் பிறகு வரும். 'த', 'வோஸ்', 'செட்' போன்ற ஒலிக்கு அடங்காத சொற்கள் சிலவற்றைக் கண்ணால் மனனம் செய்யவும் வேண்டும். அவற்றைக் கிழமைக்கு ஒன்றிரண்டாகக் கொடுங்கள்.

தமிழ் அடித்தளத்தின்மேல் ஆங்கிலம் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியபோது, ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளிகளையும் நடத்திவந்தார்கள். ஆங்கிலத்துக்குப் போன பையன்கள் தமிழை விட்டுவிடவில்லை. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆங்கிலம் அவருடைய தமிழைத் தின்றுவிடவில்லை.

அந்தக் கதை யாழ்ப்பாணத்துக் கதை. வன்னியில் அப்போது காடும் மலேரியாவும். மிஷன் பள்ளிகள் மிகக் குறைவு. கிளிநொச்சி 1930களில் இரணைமடுவின் கீழ் குடியேற்றத் திட்டமாக எழும்பிய ஊர். தனி மாவட்டமானது 1984இல். வேர்விட முன்னரே போர் வந்தது. 1995, 1996, 2008, 2009 என்று ஒவ்வொரு இடப்பெயர்வும் எத்தனை கொப்பிகளைத் தின்றது என்று இங்கிருக்கிற எல்லோருக்கும் தெரியும், நான் விரிக்கப்போவதில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் இங்கே இல்லாமல் இருக்கவில்லை. செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பிள்ளைகளின் தலைக்குமேல் இருந்த தறப்பாளில் யூ என் எச் சீ ஆர் என்று நீல எழுத்துகள் இருந்தன. மீள்குடியேறி வந்தபோது வீதியோரத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை 'டேஞ்சர் மைன்ஸ்' என்றது. பங்கர், செல், காம்ப், ரென்ற், ரோக்கன்: இவை வன்னிப் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருந்த ஆங்கிலச் சொற்கள். படிப்பிக்காமலே வந்தவை.

பிள்ளையின் சொல்லிலிருந்தே வாசிப்பைத் தொடங்கியவர் ஒருவர் உண்டு. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த சில்வியா அஷ்ரன் வோர்னர் 1963இல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயரும் 'ரீச்சர்'தான். காலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்பார். கேட்ட சொல்லை ஒரு மட்டையில் எழுதிக் கொடுப்பார். அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்கு அது அடையாளம் தெரியவில்லை என்றால் மட்டையை வீசிவிடுவார். அது அந்தப் பிள்ளையின் சொல் அல்ல என்பது அவர் கணக்கு. பயமும் பாசமும் சேர்ந்த சொற்கள்தான் ஒரே பார்வையில் ஒட்டிக்கொண்டன என்று அவர் கண்டார். மற்றவர்கள் தயாரித்த வாசிப்புப் புத்தகத்தின் சுத்தமான வீட்டையும் சிரிக்கிற குடும்பத்தையும் அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை.

மீள்குடியேற்றத்துக்குப் பின்னான வருடங்களில், தகரக் கொட்டிலில் நடந்த ஒரு வகுப்பில் இதைச் செய்துபார்த்த ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். புத்தகத்தைப் படித்துச் செய்ததல்ல. பாடப்புத்தகம் வரத் தாமதித்ததால் செய்தார். பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டி, பிள்ளை தமிழில் கேட்ட சொல்லை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். சைக்கிள், அம்மம்மா, குரங்கு, யானை. தோட்டத்தை யானை உழக்கிப்போட்ட வீட்டுப் பிள்ளை 'எலிபன்ற்' என்ற அந்த நீளச் சொல்லை ஒரே நாளில் பிடித்துக்கொண்டது. ஒரு பையன் 'ரென்ற்' கேட்டான். அதை எழுதலாமா விடலாமா என்று அவர் யோசித்தாராம். எழுதினார். ரீ, ஈ, என், ரீ. நாலு எழுத்தும் ஒழுங்காகச் சொல்லுகிறபடியே ஒலிக்கிற சொல் அது. அந்த வகுப்பு முழுவதும் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் சொற்களில் ஒன்றாகிவிட்டது. பிள்ளையின் மனதில் இருக்கிற சொல்லை நாங்கள் தவிர்ப்பதால் அது அங்கிருந்து போய்விடாது என்று அவர் சொன்னார். நான் அவரோடு உடன்படுகிறேன். உடன்படாத உளவள ஆலோசகர்களும் இருப்பார்கள்.

எழுத்துருவைப் பற்றிச் சுருக்கமாக. பீயும் டீயும் பிள்ளையின் கொப்பியில் திரும்பி நிற்பது மூளைக் கோளாறு அல்ல. வாளி எந்தப் பக்கம் திரும்பினாலும் வாளிதான் என்று உலகம் படிப்பித்த கண்ணுக்கு, திசை மாறினால் எழுத்தும் மாறும் என்பது புதிது. தைப்பூசத்திலும் விஜயதசமியிலும் அரிசியில் விரல் வைத்து ஏடு தொடக்குகிறோமே, அதே விரலால் மணலில் பெரிதாக எழுதவிடுங்கள். கொப்பி பொறுத்திருக்கலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்பள்ளியில் நாலு கோட்டுக் கொப்பி வாங்கிக் கொடுக்கிற பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன். அந்தக் காசுக்கு ஒரு தமிழ்க் கதைப்புத்தகம் வாங்கி மடியில் இருத்தி வாசித்துக் காட்டுங்கள். இடமிருந்து வலம் போவது, பக்கம் புரட்டுவது, கோடுகளுக்குள் பேச்சு இருக்கிறது என்பது, இவையெல்லாம் அங்கேயே படிந்துவிடும். ஆங்கிலத்துக்கு மறுபடி படிக்கத் தேவையில்லை.

இனி, "எனக்கு இங்கிலீசு வராது" என்ற ஆரம்பக்கல்வி ஆசிரியருக்கு. ஆங்கில ஆசிரியர்கள் திங்கள் வந்து வெள்ளி போகிறார்கள். கஷ்டப் பிரதேச சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. ஊரோடு இருக்கிறவர் நீங்கள். உங்களிடம் எதிர்பார்ப்பது சரளமான ஆங்கிலம் அல்ல. காலையில் இடாப்புக் கூப்பிடும்போது "'ம'வில் தொடங்குகிற பெயர்க்காரர் எழும்புங்கோ" என்று கேளுங்கள்; அது காதுப் பயிற்சி. 'ஸ்ரான்ட் அப்', 'சிற்', 'ஜம்ப்' என்று நாலு கட்டளையில் விளையாடுங்கள். ஆறு எழுத்துகளின் ஒலியையும் நீங்கள் ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். வவுனியா கல்வியியற் கல்லூரியில் பயில்கிற இளம் ஆசிரியர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: ஆரம்பக்கல்வி நெறிக்காரரும் ஆங்கில நெறிக்காரரும் இந்த விடயத்தைச் சேர்ந்து பேச வேண்டும்.

கடைசியாக இந்த அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் வட்டிப் பணத்தில் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குக் கிண்ணம் கொடுக்கிறீர்கள். வெல்லுகிற பிள்ளை யாரோ எழுதிக் கொடுத்ததை மனனம் செய்து ஒப்புவிக்கிறது. பெரும்பாலும் ரியூசனுக்குக் காசுள்ள வீட்டுப் பிள்ளை. அந்தப் பணத்தை இரண்டு வருடம் வேறு வழியில் விடுங்கள். தரம் இரண்டுக்கும் மூன்றுக்கும் பதினாறு பக்கத்தில் சின்ன வாசிப்புப் புத்தகங்கள். முதலாவது புத்தகத்துக்கு நான் சொன்ன ஆறு எழுத்துகள் போதும்: பின், பான், ரின், ரப், அன்ற். படங்களை இங்குள்ள சித்திர ஆசிரியர்கள் கீறட்டும். நிறம் வேண்டாம், பிள்ளைகள் தீட்டுவார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் வருவதற்கு. கிழிந்தால் கிழியட்டும். அச்சுச் செலவு மதிப்பீடு ஒன்றைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேள்விகள் இருந்தால், தேநீருக்கு முன்னர் சிலவற்றுக்கு நேரம் இருக்கிறது என்று தலைவர் சொல்கிறார்.